சட்டியில் வறுத்த தங்கக்கல்

பக்தி இருந்தால் போதும், புத்தி வேண்டாம் என்று நான் நம்பியிருந்த காலமொன்று உண்டு. சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து விசாவுக்குக் காத்திருந்தேன். என் கணவருக்கு அவுஸ்திரேலியாவில், ஒரு தங்கச் சுரங்கத்தில் சோதனைக்குக் கல் சீவி மினுக்குகிற வேலை. அவரை அனுப்ப என் தாலிக்கொடியை விற்றிருந்தோம். கழுத்தில் மஞ்சள் கயிறுதான். (ஆள் உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று முருகனிடம் சொல்வேன். ஆனாலும் கலியாண வீடுகளில் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொள்வேன்.)

ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் அவர் ஒரு கல்லைக் கொடுத்தனுப்பினார். "இதுக்குள்ள தங்கம் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. என்ரை ஞாபகத்துக்கு வைச்சிரும்" என்று கடிதம். கண்ணுக்குத் தெரியாதாம்! கல் முழுக்க மஞ்சளாய் மினுங்கியது. பாவம், மனுசனுக்குக் கண் பழுதாகிவிட்டது என்று அழுதேன். ஒரு கிழமை முருகன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டேன். பிறகு உரலில் இடித்து, மண்ணெண்ணெய் அடுப்பில் சட்டியை வைத்து வறுத்தேன். உருகினால் தாலிக்குப் போதும்.

உருகவில்லை. புகைந்தது. ஆயிரம் நெருப்புக்குச்சியை ஒன்றாக உரசிய மணம். கீழ்வீட்டுப் புஷ்பம் அக்கா இருமிக்கொண்டு ஏறி வந்தா.

"ஐயோ பிள்ளை, குண்டு கிண்டு செய்யிறியோ?"

அவவுக்குப் பின்னால், சந்தியில் காவல் நின்ற ஆமிக்காரர் இரண்டு பேர்.

"மொக்கத மே?" (என்ன இது?) என்று ஒருவன் சட்டியைக் காட்டினான்.

"ரத்தரங், மாத்தயா," என்றேன். தங்கம், ஐயா என்று சொல்ல மட்டும் எனக்குச் சிங்களம் தெரிந்திருந்தது. அவன் எட்டிப் பார்த்தான். உள்ளே செங்கட்டித் தூள் மாதிரிச் சிவப்பாய் ஏதோ கிடந்தது. அடையாள அட்டையைப் பார்த்து, அறையைக் கிளறி, கடைசியில் மற்றவனிடம் தன் தலையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். பைத்தியப் பட்டம் எனக்கு இனித்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கொம்யூனிகேஷன் கடையில் அவருடைய டெலிபோன் கோல் வந்தது.

"இஞ்சாருங்கோ, தங்கத்தை எரிச்சுப்போட்டன்," என்று விம்மினேன்.

"மினுங்கினது தங்கமில்லையப்பா, இரும்பும் கந்தகமும். தங்கம் அதுக்குள்ள தூசியிலும் தூசியா ஒளிச்சிருக்கும். நாங்கள் கல்லைச் சீவி, மைக்ரோஸ்கோப்பில பாத்து, எதுக்குள்ள எப்பிடிக் கிடக்கெண்டு தெரிஞ்ச பிறகுதான் அரைக்கிறதோ வறுக்கிறதோ எண்டு முடிவெடுக்கிறது. நீர் நேர வறுத்துப்போட்டீர்! கடுகும் போட்டனீரோ?"

பிறகு சிரித்தார். வெளிநாடு போன நாளிலிருந்து "சாப்பிட்டீரோ"வைத் தவிர ஒன்றும் கதைக்காத மனுசன். தாலிக் கவலையே எனக்கு மறந்துபோனது. வரிசையில் நின்றவர்கள் முறைக்க முறைக்க, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

விசா வர இன்னும் மூன்று வருடம் எடுத்தது. இப்போதும் கறி அடிப்பிடித்தால் பிள்ளைகள், "அப்பா, அம்மா தங்கம் எடுக்கிறா!" என்று கத்துவார்கள். அவரும் அதே சிரிப்புச் சிரிப்பார். அந்த மூன்று வருடமும் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் படுத்தெழும்பினேன் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அடுப்பில் கறி வேறு கிடக்கிறது.