சுவரில் ஒட்டிய பனி

போனில் இருந்த பெண் விஷயத்துக்கு வருவதாகவே இல்லை. ஒன்பது நிமிஷமாகப் பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

வெயிலு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அது ஆபீஸ் அவனுக்கு வைத்த பெயர். குளிர் தேசத்து வீடுகளுக்குச் சூடேற்றும் மெஷின் விற்கிற கம்பெனி அது. கஸ்டமர் போன் செய்தால், ஏதோ அடுத்த தெருவில் உட்கார்ந்திருப்பதுபோலப் பேச வேண்டும். இவனோ சேர்ந்த முதல் நாளே ஒருவரிடம், "வெயில் மண்டையைப் பொளக்குது சார்" என்று மனசு விட்டுச் சொல்லிவிட்டான். போன வாரம் இன்னொருவரிடம் பனி "ஊத்துது" என்று மழையைச் சொல்வதுபோல் சொல்லி மாட்டிக்கொண்டான். மூன்றாவது தப்பு நடந்தால் வேலை காலி. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாசம்.

அதனால்தான் சூப்பர்வைசர் அவன் எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஸ்னோவோடு எந்த வார்த்தை சேரும் என்கிற பட்டியல். லேசாக விழுந்தால் லைட் ஸ்னோ. கொட்டித் தீர்த்தால் ஹெவி ஸ்னோ. கால் புதைந்தால் டீப் ஸ்னோ. வாசலை அடைத்துக்கொண்டு ஆளை உள்ளேயே போட்டுவிட்டால் ஸ்னோட் இன். அடியில் சிவப்பு மையில் ஒரு சட்டம்: கஸ்டமர் தானாக விஷயத்துக்கு வரும்வரை வானிலையை விட்டு நகரக் கூடாது.

பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. நமக்கெதற்கு அந்தப் பாடு, தமிழிலேயே கேட்போம்!

"அங்க லைட் ஸ்னோதானே மேடம்?"

"ஆமா சார். லைட் ஸ்னோ." கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது குரல்.

அந்த நொடியில் கீபோர்டின் மேல் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. வெயிலு திரையைப் பார்த்தான். வழக்கமாகக் கஸ்டமர் பெயர், முகவரி எல்லாம் வரும். இன்றைக்கு ஒன்றுமே இல்லை.

சரி, அடுத்த வரிக்குப் போய்விடலாம் என்று வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"இப்ப ஹெவி ஸ்னோ சார்."

தாளில் அடுத்த வரி அதேதான். இந்தத் தடவை தலையில், தோளில், டீயில் என்று வெள்ளை வெள்ளையாக விழுந்தது.

பக்கத்து சீட்டுத் தடியன் எட்டிப் பார்த்தான். "என்னடா, திடீர்னு நரைச்சுப்போச்சு?"

"பனிடா."

"ஃபேன் காத்தே அனலா அடிக்குது, பனியாம் பனி!"

வெயிலு பேச்சை எப்படியாவது முடித்துவிட நினைத்தான். "மேடம், இங்க பனி நின்னுடுச்சு."

அவள் விடுவதாயில்லை.

"நீங்களும் இதே ஊருதானே சார்? எனக்கு மட்டும் எப்படிப் பெய்யுது?"

போச்சு! சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். வெயிலு அவசர அவசரமாகச் சமாளித்தான். "இல்ல மேடம், தப்பாப் பார்த்துட்டேன். இங்க டீப் ஸ்னோ! முழங்கால் வரைக்கும்!"

"எனக்கு இடுப்பு வரைக்கும் சார்."

"எனக்குக் கழுத்து வரைக்கும்!"

"ஐயோ! கழுத்தா?" அவள் குரல் உடைந்தது. தலைக்கு மேலே திம், திம் என்று ஒரு சத்தம். "நான் ஸ்னோட் இன் சார். என்னால வெளியே வரவே முடியலை."

"நானும்தான் மேடம்." இதை மட்டும் அவன் சத்தியமாகவே சொன்னான்.

சூப்பர்வைசர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டி கீபோர்டின் மேல் தொப்பென்று விழுந்தது. இத்தனை வெயிலில் வெயிலுவுக்குப் பற்கள் தந்தியடித்தன. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"மேடம்... நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?"

மேலே மறுபடியும் திம், திம்.

"நீங்க?" என்றாள்.

வெயிலு அழுதேவிட்டான். போனை வைக்கவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. அந்நேரம் பார்த்து, கூட்டுகிற அக்கா விளக்குமாறும் கையுமாக மாடிப்படி இறங்கி வந்தாள். மேஜையைப் பார்த்தாள், அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தச் சுண்ணாம்பு கொட்டுறது மேல் மாடியில புதுசா சேர்ந்த பொண்ணு பண்ற வேலை தம்பி, யாரோ கஸ்டமரு கழுத்து வரைக்கும் பனியில புதைஞ்சு கிடக்காராம், 'போனை வெச்சா என் வேலை போயிடும்க்கா'ன்னு அழுதுக்கிட்டே தரையை மிதிமிதின்னு மிதிக்குது!"