புகார் மேஜையில் ஒரு பொறுமைசாலி

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் மேஜையில் ஸாபிர் அன்றைக்கு மூன்றாவது ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வந்தவர் அரபி வாத்தியார். அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் படித்ததும் அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, அரபியில 'ஸப்ர்'னா பொறுமை. அதுலருந்து வந்ததுதான் ஸாபிர். பொறுமைசாலின்னு அர்த்தம். யாரு வெச்சது?"

"எங்கப்பா."

"பாவம் மனுஷன்" என்றார் வாத்தியார்.

வரிசையில் நின்றவர்கள் காதில் இது விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து யார் வந்தாலும், "என்ன பொறுமைசாலி, என் மெஷின் என்னாச்சு?" என்றுதான் ஆரம்பித்தார்கள். பட்டையைக் கழற்றி வைத்தான். மேனேஜர் கூப்பிட்டு டோஸ் விட்டார். லீவில் போயிருந்த கேஷியரின் பட்டையைக் குத்திக்கொண்டான். ஒரே வாரத்தில் அந்த அப்பாவியின் பேரில் புகார்கள் குவிந்தன. திரும்பி வந்த கேஷியர் அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் பெயரையே மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்தான். அமீர். தலைவன், ஆணையிடுபவன் என்று பொருள். அப்பாவிடம் போய், எனக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெயரை வைத்துச் சந்தி சிரிக்க வைத்துவிட்டீர்கள் என்று கத்தினான்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"உனக்குப் பிடிச்ச மாதிரி செய்ப்பா."

புதுப் பட்டை வந்தது. "தலைவரே, என் மெஷின் எப்போ வரும்?" என்றார்கள் வரிசையில். வீட்டில் மனைவி, "தலைவரே, குப்பையைக் கொட்டிட்டு வாங்க" என்று ஆணையிட்டாள். அப்பா மட்டும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "சாப்பிட வா", "லைட்டை அணைச்சிடு" என்று மொட்டையாகச் சொன்னார். புதுப் பெயர் அவர் வாயில் வரவில்லை, பழையதைச் சொல்லப் பயம். கத்தியிருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. வருத்தமாக இருந்தது. ஆனால் போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

ஊரிலிருந்து அப்பாவின் தங்கை வந்தாள். வாசலிலேயே, "ஸாபிர், பையைப் பிடி" என்றாள். உள்ளே நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பேரு வேணாம் அத்தை. எங்கிட்ட எங்க இருக்கு பொறுமை?"

அப்பா மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"உங்கிட்ட இருக்குன்னு யாருடா சொன்னா?" என்றாள் அத்தை. "கல்யாணமாகி பதினாலு வருஷம் கழிச்சுப் பொறந்தவன் நீ. அத்தனை வருஷமும் பொறுமையா இருந்தது எங்கண்ணன். அது அவரு சம்பாதிச்ச பேரு. ஆசையா உனக்குக் குடுத்தாரு."