டப்பா மாமுவும் கவிழ்த்து வைத்த குடங்களும்

ராயபுரத்தில் டப்பா மாமுவைப் போல இன்னொரு ஆள் பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும் எங்கள் தெரு தாங்கியிருக்காது. உலகத்தைப் படைக்கும் வேலையைக் கடவுள் இவரிடம் கொடுத்திருந்தால் அது ஆறு நாளில் முடிந்திருக்காது, ஆறு வருஷம் இழுத்திருக்கும். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று நாம் யாரும் தேடித் திரிய வேண்டியிருக்காது.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது அவர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும். துறைமுகக் கிடங்கில் வந்திறங்கும் பெட்டிகளை, எது எந்த ஊருக்கு என்று பிரித்து அடுக்கும் வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டது, அவர் வேலையை விடவில்லை.

"உலகத்துல பிரச்சனைன்னு ஒண்ணு கெடையாது நைனா. எல்லாம் தப்பான டப்பால குந்திக்கினு கீது. சரியான டப்பால எடுத்துப் போட்டா மேட்டர் முடிஞ்சிது" என்பார். விலைவாசியைச் சொன்னாலும் இதே பதில்தான், வேலை கிடைக்காத பையன்களைச் சொன்னாலும் இதே பதில்தான். ஒரு முறை பல்வலி என்று அவரிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு, டீ ஆறிப்போகும் வரை நின்றேன்.

கிடங்கில் பெட்டி இல்லை என்றானதும் முதலில் வீட்டுச் சமையலறையில் கை வைத்தார். மளிகைச் சாமான்களை வேளை வாரியாகப் பிரித்தார். காலைக்கு ஓர் அலமாரி, மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. அவர் மனைவி பிலோமினா ஆண்ட்டி குழம்பு கொதிக்கும்போது, "யோவ், உப்பு எங்கய்யா?" என்று கத்துவார். கூடத்திலிருந்து நிதானமாகக் குரல் வரும்.

"எந்த வேளை உப்பும்மே?"

அந்த வாரம் ஆண்ட்டி கரண்டியைச் சமையலுக்கு உபயோகித்தது குறைவு.

அடுத்தது மாதா கோயில் திருவிழா. வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்ததும் மாமுவுக்குக் கை துறுதுறுத்திருக்கிறது. பூசை முடிவதற்குள் அத்தனையையும் அளவு வாரியாக அடுக்கிவிட்டார். வெளியே வந்த ஜனம் விட்ட இடத்தில் தேடிவிட்டு, "எவன்டா அது?" என்று விழித்தது. "உன் சைஸு இன்னான்னு சொல்லு, டக்குனு எடுத்துத் தர்றேன்" என்று மாமு பெருமையாக நின்றார். தன் செருப்பு என்ன அளவு என்று யாருக்குத் தெரியும்? நான் அன்றைக்கு ஒரே அளவுள்ள இரண்டு வெவ்வேறு செருப்புகளோடு வீடு போய்ச் சேர்ந்தேன். ஒன்று இன்னும் யாருடையது என்று தெரியவில்லை.

பிறகு தெருவின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தார். காலை வணக்கப் பூக்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவே, "கரண்ட் இல்ல", "குப்பை வண்டி வர்ல" என்ற புலம்பல்கள் புதைந்து போகின்றன என்பது அவர் வருத்தம். அதில் நியாயம் இருந்தது. அவர் செய்த வைத்தியத்தில்தான் இல்லை. ஒரு குரூப்பைப் பிரித்துத் தண்ணி, கரண்ட், குப்பை, நல்லது கெட்டது, இதர என்று வரிசையாகத் திறந்தார். டீக்கடை காசிம் பாய் அவரை மடக்கினார்.

"மாமு, கரண்ட் இல்லாததால மோட்டார் ஓடல, மோட்டார் ஓடாததால தண்ணி இல்ல. இத்த எதுல போடறது?"

மாமு முழு டீயும் குடித்து முடிக்கும் வரை யோசித்தார். அன்று மாலை "ரெண்டும்" என்று புது குரூப் ஒன்று வந்தது. ஜனங்கள் யோசிக்கவே இல்லை. அத்தனை பேரும் "இதர"வில் குடியேறினார்கள், பூக்களும் கேக்குகளும் கூடவே வந்து சேர்ந்தன.

இப்படி எங்களுக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தபோதுதான் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தது.

வழக்கமாக இதற்கெல்லாம் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பழகியவர்கள். இந்த முறை கருவாட்டுக்கடை ஸ்டெல்லா அக்காவுக்கு அப்படி முடியவில்லை. அவர் மகள் ஜென்சி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பேரப்பிள்ளை தன் வீட்டுக்குத்தான் முதலில் வரவேண்டும் என்று அக்கா சுவருக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்டக் கொக்கி கூட மாட்டியிருந்தார். திருவொற்றியூரிலிருந்து வந்த சம்பந்தியம்மா ஒரு டம்ளர் தண்ணீரை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே கீழே வைத்தார்.

"இன்னா தண்ணி இது, கலீஜா கீது? ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலன்னா நான் என் மருமவள இட்டுகினு பூடுவேன். அப்பால என்னிய குத்தம் சொல்லாத."

மீன் மார்க்கெட்டையே குரலால் அடக்கும் ஸ்டெல்லா அக்கா அன்று படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மாமுவுக்கும் பிடிக்கவில்லை என்பது, அவர் என் சட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனதில் தெரிந்தது.

அங்கே இருந்த இன்ஜினியரம்மா நல்ல மாதிரி. செல்போனை எடுத்து எங்கள் தெருவிலிருந்து வந்த புகார்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: தண்ணி நாறுது. "எந்த இடத்துல பைப் உடைஞ்சிருக்குன்னு இதுல எப்படிங்க கண்டுபிடிக்கிறது? தெரு முழுக்கத் தோண்டவா? எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கே ஆள் அனுப்பறேன்" என்றார்.

வெளியே வந்ததும் மாமுவின் முகத்தில் திருவிழாக் களை. "பாத்தியா? இது தண்ணிப் பிரச்சனை இல்ல நைனா. சேதிப் பிரச்சனை. சேதி கீது, அதுக்கு டப்பா இல்ல" என்றார்.

"இன்னொரு குரூப்பா மாமு?" என்றேன் பயந்து.

"இல்ல. தெருவையே டப்பாவா ஆக்கறேன் பாரு."

திட்டம் உண்மையிலேயே அழகாக இருந்தது. யார் வீட்டுக் குழாயில் நாற்றமோ, அவர்கள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்த குடம் என்றால் இங்கே ஒன்று சரியில்லை என்று அர்த்தம். மாடியிலிருந்து பார்த்தால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று பளிச்சென்று தெரிந்துவிடும். இதை விளக்கமாகத் தட்டி "தண்ணி" குரூப்பில் போட்டார். அந்த குரூப்பை அவரைத் தவிர யாரும் திறப்பதில்லை என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு ஸ்டெல்லா அக்கா மட்டும் வாசலில் குடத்தை வைத்தார். அவருக்கு மாமு நேரிலேயே சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டம்மா அதைப் பார்த்தார். எங்கள் தெருவில் குடம் வாசலுக்கு வருவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்.

"ஏய், தண்ணி லாரி வருதுடி!"

அவ்வளவுதான். கதவுகள் படபடவென்று திறந்தன. பச்சை, மஞ்சள், ஊதா என்று குடங்கள் பறந்து வந்து தெருமுனையில் வரிசை கட்டின. "நான்தான் மொதல்ல வந்தேன்", "உன் கொடம் எப்ப வந்துச்சு, எடுய்யா அத்த" என்று இரண்டு இடத்தில் கைகலப்பு வரை போனது. மாமு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டிவலியோடு நொண்டி நொண்டி ஓடி வந்தார்.

"லாரி வர்ல! சொன்னா கேளுங்க, லாரியே வர்ல!"

ஒருவரும் நகரவில்லை. லாரி வரவில்லை என்று கத்துகிறவன், தன் குடத்தை முன்னால் நுழைக்கப் பார்க்கிறான் என்பது வடசென்னையில் குழந்தைக்கும் தெரியும். பிலோமினா ஆண்ட்டியே வரிசையில் இரண்டு குடத்தோடு உறுதியாக நின்றார்.

மாமு ஓரமாக நின்ற ஒரு பைக்மேல் சாய்ந்துவிட்டார். "போச்சு நைனா. எல்லாம் கலந்துபோச்சு. அந்தப் பொண்ண இட்டுகினு பூடுவாங்க" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். தோளைத் தட்டலாம் என்றால் கையில் என் குடம் வேறு இருந்தது.

வரிசையில் சேராமல் நின்றிருந்த ஸ்டெல்லா அக்காதான் கேட்டார். "இன்னா மாமு, கோயிலாண்ட கீறவங்க ஒருத்தரும் ஓடியார்ல?"

திரும்பிப் பார்த்தோம். கோயில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பல் தேய்த்தபடி சண்டையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டிய வீடுகளிலும் யாரும் அசையவில்லை. அவர்கள் வீட்டில்தான் நல்ல தண்ணீர் வருகிறதே, லாரி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

மாமுவின் முட்டிவலி எங்கே போனதோ. "ஏய், எல்லாரும் கொடத்த எடுத்துகினு போயி அவங்கவங்க வாசல்ல கவுத்து வைங்க!"

"வரிசைய வுட்டுட்டா? எடம் பூட்டா நீயா தருவ?"

"நான் தர்றேன். யாரு எந்த எடம்னு எனுக்குத் தெரியும். லாரி வந்தா இதே வரிசைல நிக்க வெக்கிறேன். மாதா மேல சத்தியம்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் தெருவில் வரிசையை விட்டு ஜனம் தானாகக் கலைந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். வேறு யார் சத்தியம் செய்திருந்தாலும் நடந்திருக்காது. உப்புக்கு வேளை பார்க்கிற மனுஷன் வரிசையை மாற்றிவிடுவார் என்று யாராலும் சந்தேகப்பட முடியவில்லை.

மாமு போன் போட்டு வரவழைத்த இன்ஜினியரம்மாவைத் தன் மொட்டை மாடிக்கு ஏற்றினார். நானும் போனேன். கீழே மாவு மில்லில் ஆரம்பித்து, ஸ்டெல்லா அக்கா வீட்டை ஒட்டி மாதா சிலை நிற்கும் கெபி வரைக்கும், இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் கவிழ்ந்த குடங்கள். அதற்கு அப்பால் சுத்தமாக ஒன்றும் இல்லை. இல்லை, ஒன்றே ஒன்று இருந்தது. வெகு தூரத்தில், கோயிலுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு நீலக் குடம்.

"அது யார் வீடு? அங்கயும் ப்ராப்ளமா?" என்று இன்ஜினியரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

மாமு மெல்ல என் பக்கம் திரும்பினார். "உன் வூட்ல நல்ல தண்ணி தான நைனா வருது? நீ இன்னாத்துக்கு கொடம் வெச்ச?"

"எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன். எல்லாரும் கவுத்தாங்க, நானும் கவுத்தேன்."

"இவன எந்த டப்பால போடறதுன்னுதான் எனுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரில மேடம்" என்றார் மாமு.

மறுநாள் மில்லுக்கும் கெபிக்கும் நடுவே தோண்டினார்கள். வெடித்த குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒட்டி உறவாடிக்கொண்டு கிடந்தன. சனிக்கிழமை சரிசெய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சம்பந்தியம்மா வந்து டம்ளரை மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார், பிறகு முழுவதும் குடித்தார். "இன்னொரு டம்ளர் குடு" என்றார். ஸ்டெல்லா அக்காவுக்குக் குரல் திரும்பி வந்தது, தெருவே காதைப் பொத்திக்கொண்டது. பேத்தி பிறந்து அந்த வீட்டுக் கொக்கியில்தான் தொட்டில் ஆடியது. அந்தச் சேதிக்காகவே மாமு "நல்ல சேதி" என்று ஒரு குரூப் திறந்து வைத்திருந்தார். அக்கா "இதர"வில்தான் போட்டார்.

போன மாதம் மாமு கோயம்புத்தூர் போய்விட்டார். முட்டி மாடிப்படிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அங்கே மகன் வீடு தரைத்தளம். விடியற்காலையில் வண்டி வந்து நின்றது. எந்த மூட்டை மேலே, எந்த மூட்டை கீழே என்று டிரைவரை ஒரு வழி பண்ணிவிட்டு, கடைசியாக முன் சீட்டில் ஏறிய மாமு தெருவைப் பார்த்தார். மெயின் ரோட்டிலிருந்து கோயில் வரை, ஒரு வாசல் விடாமல், குடம் கவிழ்ந்திருந்தது.

பதறிப்போய்க் கதவைத் திறந்தார். "இன்னாம்மே ஸ்டெல்லா, மறுபடியும் தண்ணி நாறுதா? கோயில் வரைக்கும் பூட்ச்சா?"

அக்கா பேத்தியை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "தண்ணியெல்லாம் ஷோக்காத்தான் கீது மாமு. வேற ஒண்ணுதான் சரியில்ல."

மாமு வண்டியை விட்டு இறங்கினார். பிறகு தெருவை இன்னொரு முறை பார்த்தார். கடைசியாக, கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த என் நீலக் குடத்தைப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை நான் அதைச் சரியாகத்தான் வைத்திருந்தேன்.