தராசு சாரின் பீரோ

பிறந்த நாள் கேக் ஒன்றை வெட்டச் சொல்லி இவரிடம் கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் வெட்டுவார்கள், ஆளுக்கொரு துண்டை நீட்டுவார்கள், விரலை நக்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். இவர் முதலில் தலைகளை எண்ணுவார். பிறகு கேக்கை நாலு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பார். ஓரத்துண்டில் க்ரீம் அதிகம், நடுத்துண்டில் கேக் அதிகம், மேலே இருக்கிற செர்ரிப் பழமோ ஏழு, நிற்கிற ஆட்களோ பதினொன்று, இதற்கு என்ன வழி என்று கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி அவர் யோசிக்கிற நேரத்தில் மெழுகுவத்தி உருகிக் கேக்கின் மேலேயே வழிந்துவிடும், குழந்தைகள் சோபாவில் தூங்கிவிடும், கடைசியில் யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று செர்ரிகளையெல்லாம் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். அடுத்த மாதம் அந்தக் கிண்ணத்தை யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே கொட்டுவார்கள்.

இவர்தான் நியாயம் பார்க்கிறவர். உங்களுக்குத் தெரியாத ஆள் இல்லை. ஆபீசுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. குடும்பம் கொஞ்சம் பெரிதென்றால் இரண்டு பேர்கூடத் தேறுவார்கள். கெட்டவர் என்று இவரை யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டார், வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்க மாட்டார். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இவர் கைக்கு வந்து சேர்ந்த எதுவும் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேராது.

தராசு சாரையே எடுத்துக்கொள்ளுங்களேன். அது அவருக்கு அவருடைய ஆபீஸ் வைத்த பெயர். குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகம் ஒன்றுக்கு அவர் பொறுப்பாளர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற ரீடர்கள் ஒரு டஜன் பேர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். இந்த வேலையைச் சும்மா நினைத்துவிடாதீர்கள். மீட்டர் நம் கண் உயரத்திலா இருக்கிறது? வாசலோரத்துக் குழிக்குள் இருக்கிறது. குந்தி உட்கார வேண்டும், இரும்பு மூடியை நெம்பித் தூக்க வேண்டும், உள்ளே குடியிருக்கிற தவளையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சேற்றைத் துடைத்து, டார்ச் அடித்து எண்ணைப் படிக்க வேண்டும், மூடியை மூடி எழுந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டில் மறுபடி முதலிலிருந்து. நாளெல்லாம் தோப்புக்கரணம்தான்.

இந்தத் தொல்லைக்குத்தான் முடிவு வந்தது. எல்லா வீட்டிலும் புது மீட்டர் மாட்டியாகிவிட்டது. அதைப் படிக்கிற கைமெஷினும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து இறங்கியது. சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. தெருவில் நின்றபடி பொத்தானை அழுத்தினால் போதும், மூடிக்கு அடியில் இருக்கிற எண் திரையில் வந்துவிடும். குனிய வேண்டாம், நிமிர வேண்டாம், தவளையையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

வந்தது இரண்டு. யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைக் கிளையே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். போதாதா?

தராசு சார் அன்றைக்கே கூட்டம் போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டார். அவர் நியாயம் பேசுகிறபோது கைகளில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்று காட்டுவது வழக்கம். "பொதுவா ஒரு முடிவுக்கு வருவோம். நாளைக்கு ஒருத்தர் நாக்கு மேல பல்லப் போட்டு என்னை ஒரு சொல் சொல்லிடக் கூடாது" என்றார். முதல் முடிவு உடனே வந்தது. ஒரு மெஷின் கெட்டுப்போனால் என்ன செய்வது? ஆகவே ஒன்றை மாற்றுக்கு ஒதுக்கிவிடுவது. இன்னும் யாரும் தொடாத மெஷினுக்கு மாற்று மெஷின்! ஆக, கொடுக்க வேண்டியது ஒன்று.

இங்கேதான் அவருடைய மச்சினியைச் சொல்ல வேண்டும். மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அதே ஆபீசில்தான் ரீடர். இவர் பொறுப்பாளராக வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டில் 'மாமா' என்பாள், ஆபீசுக்குள் கால் வைத்துவிட்டால் 'சார்' என்பாள். இவரும் வீட்டில் 'நீ' என்பவர், ஆபீசில் 'நீங்க' என்று மரியாதை கொடுத்துவிடுவார். தன் தெருக்களில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வேலை என்றால் உயிர். ஆனால் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இனிமேல் குந்தி உட்காரக் கூடாது, உட்காருவதாக இருந்தால் இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள், மெஷின் வரும் என்ற ஒரே நம்பிக்கையில்.

முதலில், யார் அதிக நாள் வேலை பார்த்தவரோ அவருக்கே மெஷின் என்று சார் அறிவித்தார். கணக்குப் பார்த்தால், மச்சினி. சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷம் கூடினாலே தகுதி வந்துவிடுமா, அது இளைஞர்களுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா என்று தானே எழுந்து தன்னை எதிர்த்துப் பேசி, அதை ரத்து செய்தார். இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாரும் வாயைத் திறந்திருக்கவில்லை.

அடுத்தது, யாருடைய தெருக்களில் கஷ்டம் அதிகமோ அவருக்கு. இதை வாய்வார்த்தையில் விடலாமா? சார் குடையும் அளவுநாடாவுமாகக் கிளம்பி ஒவ்வொருவர் பின்னாலும் அலைந்து குழி குழியாக ஆழம் பார்த்தார். பழைய குடியிருப்பில், மச்சினியின் பகுதியில், ஒரு குழி, இருந்ததிலேயே ஆழமானது, அவருடைய முழங்கை வரை உள்ளே வாங்கியது. குந்தி உட்கார்ந்து அளந்தார். அளந்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் பார்க்கிறார், நாய் பார்க்கிறது, சார் குழியோரத்தில் குந்தியபடியே ஏதோ ஆராய்ச்சி செய்கிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். மச்சினிதான் வீங்கின காலை ஊன்றிக்கொண்டு கையைக் கொடுத்து அவரை மேலே இழுத்தாள். இழுக்கிறபோது அவள் முகம் போன போக்கை அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு அவர் மனசு உண்மையாகவே கலங்கியது. இவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிவிட்டது. உள்ளே இருந்து குரல் வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கொடுத்துவிடுவோம். நியாயம் பார்க்கிறவருக்கு அந்தக் குரல் மேல்தான் முதல் சந்தேகம். இது பாசமாக இருந்தால்? குழி அளந்த கணக்கு ரத்து.

கடைசியாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எல்லார் பேரையும் எழுதி ஒரு சாப்பாட்டு டப்பாவில் போட்டு, வாசலில் நிற்கிற காவலாளியைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டி எடுக்கச் சொன்னார்கள். வந்தது மச்சினி பேர். ஆபீசே கை தட்டியது. தவளைக்குப் பயந்த ரீடர் ஒருவர் விசில்கூட அடித்தார். சார் ஒருவருக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது.

"மூணு தடவையும் ஒரே பேர் வந்தா யார் நம்புவாங்க?" என்றார்.

"நாங்க நம்பறோம் சார்" என்றார்கள் எல்லாரும்.

"நீங்க நம்புவீங்க. வெளியில இருக்கறவங்க?"

அந்த வெளியில் இருக்கிறவர்கள் யார் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தண்ணீர் மீட்டரை யார் எதை வைத்துப் படித்தால் அவர்களுக்கென்ன என்பதும் தெரியாது. ஆனால் அவர்களை எண்ணித்தான் சாருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. மெஷின்கள் பீரோவுக்குள் போயின. தினமும் காலையில் பீரோவைத் திறப்பார், மெல்லிய துணியால் இரண்டையும் துடைப்பார், ஒன்றுக்குக் கூடுதலாகிவிடாமல் இரண்டுக்கும் சமமாகச் சார்ஜ் போடுவார், பூட்டுவார், சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். வெளியே மச்சினி நொண்டிக்கொண்டே பையை எடுத்துத் தோளில் மாட்டுவாள்.

வீட்டில் இது எவ்வளவு நாள் தாங்கும்? ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ என் தங்கச்சியா இல்லாம வேற யாராவது இருந்திருந்தா, குடுத்திருப்பீங்களா?"

சார் பொய் சொல்ல மாட்டார். "முதல் தடவையே குடுத்திருப்பேன்" என்றார்.

"அப்ப நான் உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அவ முட்டி வலிக்குது. அப்படித்தானே?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மறுநாள் ஆபீசுக்குப் போய் அவர் செய்தது என்ன? மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார். தனக்குச் சொந்தம் யாரும் அதில் இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

கமிட்டி கூடுவதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா ஒருவர் வந்து இறங்கினார். மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். தராசு சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பீரோவைத் திறந்து காட்டினார். ஒரு கீறல் இல்லை. திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரியவில்லை.

"இது வரைக்கும் எத்தனை மீட்டர் படிச்சிருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம். ஆனா யாருக்கும் ஒரு மனக்குறை கிடையாது."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு மெஷினையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த கிளையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் காதில் விழுந்ததுமே மச்சினி அந்தக் கிளைக்கு மாற்றல் கேட்டாள். அதில் மட்டும் சார் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. அவள் தன்னை விட்டுப் போகிறாள், இதற்கு யார் என்ன சொல்ல முடியும்? உடனே சரி என்றுவிட்டார். அந்தக் கிளையின் பொறுப்பாளர் ஒரு அவசரக்காரர். நின்றுகொண்டே டீ குடிக்கிறவர். மச்சினி போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவர் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் மெஷினுமாக வந்து, "யாரால குனிய முடியல?" என்று கேட்டார். இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று இடுப்பு பிடித்துக்கொண்ட பெரியவருடையது, ஒன்று காலையில்தான் வந்து சேர்ந்த மச்சினியுடையது. ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மிச்ச டீயைக் குடித்தார். அவ்வளவுதான். நேற்று வந்தவளுக்கா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

தராசு சாரின் வீடு சாலைக்கு அந்தப் பக்கத்தில், அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கிறது. மீட்டர் பார்க்க மச்சினியே வரப்போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று காலையில் அவர் சீக்கிரம் எழுந்து, குழியைச் சுத்தம் செய்து, தவளையை விரட்டி, அவள் உட்காருவதற்கென்று குட்டையான ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். கெட்டவர் இல்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே. அவருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

மச்சினி தெருவின் எதிர்ப்பக்கம் நின்றாள். பொத்தானை அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். "மாமா, போன தடவையவிட ஜாஸ்தி ஓடியிருக்கு. கொல்லைக் குழாய் ஒழுகுதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்க நடந்தாள். நொண்டாமல் நடந்தாள். தராசு சார் ஸ்டூலைக் கையில் பிடித்தபடி அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ரொம்பச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உள்ளே வந்து மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, கடைசி வரைக்கும் என் பேர்ல ஒரு சொல் வரல."

"வரலங்க" என்றாள் மனைவி. "மெஷின் கிடைச்சதுக்கு அவ எல்லாருக்கும் நன்றி சொன்னப்பவும் வரல."

அவர் ஸ்டூலை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கொல்லைக் குழாயைப் பார்க்கப் போனார்.

சரி, சிரித்தீர்கள். நல்லது. இந்தப் பக்கத்தை வீட்டில் அடுத்து யாரிடம் படிக்கக் கொடுக்கலாம்? சட்டென்று ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்ததல்லவா, அவரிடமே கொடுத்துவிடுங்கள். 'அவருக்கு முதலில் கொடுத்தால் இவர் என்ன நினைப்பார்' என்று பின்னாலேயே இரண்டாவதாக ஒரு முகம் வந்து நிற்கிறதா? ஒன்றும் பயப்பட வேண்டாம். புத்தகத்தை மூடுங்கள், துடையுங்கள், பத்திரமாக பீரோவில் வையுங்கள். சாவி சட்டைப்பையில்தானே இருக்கிறது?