பனித்தீவு வாங்கலாமா?

“வாங்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க சார்,” என்றார் மெத்தைக்காரர்.

மெத்தையின் மேல் மல்லாந்து கிடந்த வாடிக்கையாளர் கண்ணைத் திறந்தார். கனத்த உடம்பு. மெத்தை அவரைப் பாதி விழுங்கிவிட்டு மீதிக்காகக் காத்திருந்தது.

“அதை நான்தானே உங்ககிட்ட கேக்கணும்?”

“இதைச் சொல்லல. இது உங்க மெத்தை. நான் கேக்கறது ஒரு தீவைப் பத்தி.”

வாடிக்கையாளர் எழுந்து உட்கார்ந்தார். மெத்தைக் கடையில் நின்று விற்கிற ஆள் தீவு வாங்க யோசிக்கிறார் என்றால், இந்தக் கடையில் மெத்தைக்கு என்ன விலை வைத்திருப்பார்கள் என்று அவர் மனசு கணக்குப் போட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தத் தீவு எந்தக் கடலிலும் இல்லை. மெத்தைக்காரர் வருஷக்கணக்காக விளையாடி வரும் ‘ஏழு கோட்டைச் சாபம்’ என்ற வீடியோ கேமில் இருந்தது. வாள், கேடயம், மந்திரவாதி, நெருப்புக் கக்கும் டிராகன் எல்லாம் உள்ள பெரிய விளையாட்டு. அதற்குக் கூடுதல் பாகமாக ‘பனித்தீவு’ வெளியாகி வெகு நாளாகிவிட்டது. இப்போது தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து மெத்தைக்காரருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடை முழுக்க மெத்தை இருந்தும் அவருக்குப் படுக்க இடமில்லாத மாதிரி இருந்தது.

முடிவெடுக்கத் தெரியாதவர்களைப் படுக்க வைத்து முடிவெடுக்க வைப்பதுதான் அவர் தொழில். ஊரில் பாதிப் பேரின் முதுகெலும்பு அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அப்பேர்ப்பட்டவர், மெத்தைகளை வீடு வீடாகக் கொண்டு போய் இறக்கும் வேன்காரரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேன்காரரும் அதே விளையாட்டுக்காரர்.

“பனித்தீவை வாங்காம இன்னுமாண்ணே இருக்கீங்க? அந்தப் படகுக்காரர் கதை சொல்வார் பாருங்க. நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதேன்.”

“வண்டி ஓட்டிக்கிட்டேவாய்யா விளையாடறே?”

“இல்லண்ணே. முந்தின நாள் விளையாடினது. ஓட்டறப்ப ஞாபகம் வந்துச்சு.”

“சண்டை நிறைய உண்டா?”

“சண்டை கம்மி. பேச்சுதான் அழகு.”

மெத்தைக்காரர் முகம் சுருங்கியது. பேச்சு அவருக்கு ஆகாது. விளையாட்டில் யார் வாயைத் திறந்தாலும், ராஜாவோ பிச்சைக்காரனோ, அவர் கட்டை விரல் ‘ஸ்கிப்’ பட்டனில் போய் நிற்கும். ராஜா “வீரனே” என்று ஆரம்பிப்பதற்குள் வீரன் வாசலைத் தாண்டியிருப்பான். இப்படி ஒருநாள் யாரோ ஒரு கிழவர் பேச வந்து, இவர் பட்டனை அமுக்கி, எங்கேயோ ஏறி, எங்கேயோ இறங்கி, அன்று முதல் அவருடைய வீரன் ஒரு பனிக்காட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். ஏன் வந்தான், யாரைத் தேடுகிறான் என்று வீரனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. வீரன் ஏறிச் சுற்றிய குதிரைக்குத் தலையில் கிளை கிளையாகக் கொம்பு வேறு. படம் வரைந்தவன் தூக்கக் கலக்கத்தில் வரைந்துவிட்டான் என்று மெத்தைக்காரர் அவனை மன்னித்துவிட்டார்.

வேன்காரர் சொன்னது போதாது என்று, கடையின் பின்புறம் தலையணைக் குவியலுக்குள் ஒளிந்துகொண்டு ஃபோனில் ஒரு விமர்சனமும் பார்த்தார். பேசியவருக்குத் தொப்புள் வரை தாடி. ‘பழைய குகைக்கு வெள்ளையடிச்சுப் புதுசுன்னு விக்கறாங்க. நிதானமா ரசிச்சு விளையாடறவங்க வாங்கலாம். ஓடறவங்களுக்குத் தண்டம்,’ என்றார் தாடி.

தான் நிதானமா, ஓட்டமா என்று மெத்தைக்காரர் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது தலையணைகள் விலகின. முதலாளியம்மா நின்றார்.

“வந்தவர் ஏன் ஓடினார்?”

“தீவு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“உங்களுக்கு இந்த இடம்தான் பிடிச்சிருக்கு போல. இனிமே தலையணையே பாருங்க. மெத்தைப் பக்கம் வர வேண்டாம்.”

இருபது வருஷமாக மெத்தை விற்றவரைத் தலையணைக்கு மாற்றுவது, சேனாதிபதியைக் கூப்பிட்டுக் குடை பிடிக்கச் சொல்வது மாதிரி. ஆனால் அன்றைக்கு அவருக்கு அதுகூட உறைக்கவில்லை. வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது என்பதே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுச் சம்மதம் இல்லாமல் அவரால் ஒரு பொம்மை வாள்கூட வாங்க முடியாது. எல்லாம் அந்த நாற்காலியால் வந்தது. திரையில் டிராகன் உறுமினால் தானும் சேர்ந்து அதிர்கிற நாற்காலி ஒன்றை, கேட்காமல் கொள்ளாமல் வாங்கிப் போட்டார். முதல் உறுமலிலேயே சுவர் நடுங்கி, அலமாரி சாய்ந்து, மனைவி பத்திரமாக வைத்திருந்த நோயாளிகளின் பல் அச்சுகள் அத்தனையும் தரையில் விழுந்து ஒன்றோடு ஒன்று கலந்தன. மனைவி பல் டாக்டர். யார் மேல்தாடைக்கு யார் கீழ்த்தாடை என்று அவர் பொருத்திப் பார்த்து முடிப்பதற்குள் மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கார்டு அவரிடம். எதை வாங்கினாலும் ரகசிய எண் அவர் ஃபோனுக்குத்தான் வரும்.

பல் டாக்டருக்கு இன்னொரு திறமை உண்டு. நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்தவர்களோடு பேசுகிற தொழில். எது கேட்டாலும் அவர்களிடமிருந்து ‘ம்’ ஒன்றுதான் வரும். வலிக்கிற ம், வலிக்காத ம், ராத்திரி பல் தேய்க்கிறேன் என்று புளுகுகிற ம், எதையும் காதில் வாங்காத ம் என்று அவர் ரகம் பிரித்துவிடுவார். கடைசி ரகம் வீட்டில்தான் அதிகம் கிடைத்தது. கிளினிக்கை வேறு தெருவுக்கு மாற்றப் போவதாக அவர் சொன்னபோது மெத்தைக்காரர் திரையைப் பார்த்தபடியே ‘ம்’ என்றார். பிறகு ஒரு வாரம் பழைய கிளினிக் வாசலில் போய் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அங்கே புதிதாக வந்திருந்த பூட்டுக் கடைக்காரர் பரிதாபப்பட்டுத் தினமும் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை மெத்தைக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததும் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். பல் டாக்டர் பார்த்தார்.

“என்னங்க, என்ன வேணும்?”

“ஒண்ணுமில்லையே. துணி மடிக்கறது என் கடமைதானே.”

“அது அழுக்குத் துணி.”

மடித்ததை எல்லாம் கலைத்துக் கூடையில் போட்டுவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

“பனித்தீவுன்னு ஒண்ணு. தள்ளுபடியில கிடைக்குது. நாளைக்கு முடிஞ்சுடும்.”

“இருக்கறதுக்கு என்ன குறைச்சல்?”

“சலிச்சுப் போச்சும்மா. எங்க பார்த்தாலும் பனி.”

“பனி சலிச்சுப் போச்சுன்னு பனித்தீவு வாங்கறீங்களா?”

“அது வேற பனி.”

பல் டாக்டர், பல் பிடுங்கி வாயில் பஞ்சு அடைத்தவர் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டார். தோள் இரண்டு முறை குலுங்கியது. இருமல் என்று மெத்தைக்காரர் நினைத்தார்.

“இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் என்னோடது,” என்றார்.

“ம்.”

“பாத்திரமும்.”

“ம்.”

“உன் கிளினிக்ல திரைச்சீலை துவைக்கணும்னு சொன்னியே.”

“ம்.”

ம் சொல்லியே வாழ்ந்தவருக்கு, ம் வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். நடந்து நடந்து, தரையில் பள்ளம் விழாத குறை.

“சரி, என்னதான் வேணும்? எதை வேணா கேளு.”

பல் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். “அந்தச் சின்ன ரூம். அப்பாவுக்கு. அவர் இருக்கற மூணாவது மாடிக்கு அவரால ஏற முடியலைன்னு எத்தனை நாளா சொல்றேன். ஒவ்வொரு தடவையும் ம், பார்க்கலாம், ம், பார்க்கலாம்.”

மெத்தைக்காரருக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்று, யோசித்து, மறுபடி ஓடியது. சின்ன ரூம்தான் அவருடைய சாம்ராஜ்யம். டிவி, அதிரும் நாற்காலி, கதவுக்கு உள்தாழ்ப்பாள். உலகத்தில் அவர் யாருக்கும் மெத்தை விற்க வேண்டாத ஒரே இடம். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அத்தனை நாளாக ‘பார்க்கலாம்’ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் தள்ளுபடி நாளையோடு முடிகிறது.

“சரி,” என்றார். அவர் காதாரக் கேட்டு, புரிந்து, மனசாரப் பதில் சொன்னது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் ஞாயிறு. அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் மாமனார் வாசலில் நின்றார். பெட்டி, படுக்கை, சுவர்க் கடிகாரம், மருந்து டப்பா எல்லாம் கச்சிதமாகக் கட்டித் தயாராக. இவ்வளவு சாமானையும் ஒரே ராத்திரியில் எப்படிக் கட்டினார் என்று மெத்தைக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஆச்சரியப்படுவதற்கு நேரமில்லை. டிவியை ஹாலுக்குத் தூக்க வேண்டியிருந்தது.

மாமனார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கை விட்டுவிட்டார், பழக்கத்தை விடவில்லை. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் உரக்கப் படிப்பார். வந்ததும் இருமல் மருந்தைப் படித்தார். சோப்பு உறையைப் படித்தார். குடிதண்ணீர் வடிகட்டியின் பின்பக்கத்தைப் படித்ததில் அடுத்த வீட்டுக்காரர் எழுந்து வந்து என்ன வெடித்தது என்று கேட்டார். பிறகு அதிரும் நாற்காலியில் சாய்ந்து பார்த்து, “முதுகுக்கு இதமா இருக்கு மாப்பிள்ளை,” என்றார். நாற்காலியும் போயிற்று.

மெத்தைக்காரர் ஹாலில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். முன்னால் டிவி, வலது கையில் பட்டன், இடது கையில் மனைவியின் ஃபோன். இவர் கேட்டதுமே மனைவி ஃபோனை எடுத்துக் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாகக் கொடுப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பனித்தீவுப் பக்கத்துக்குப் போனார். அமுக்கினார். திரையில் ஏதோ எழுத்து வந்தது. கட்டை விரல் பழக்கதோஷத்தில் அதைத் தள்ளியது. ரகசிய எண்ணுக்காக ஃபோனைப் பார்த்தார். வரவில்லை.

மறுபடி அமுக்கினார். எழுத்து வந்தது. தள்ளினார். எண் வரவில்லை.

“சிக்னல் இல்லை,” என்று பால்கனிக்குப் போய் ஃபோனை வெளியே நீட்டினார். ஸ்டூல் மேல் ஏறிக் கூரைக்கு நேராகக் காட்டினார். திரும்பி ஓடி வந்து அமுக்கினார். தள்ளினார். ஃபோனை ஆட்டினார். தெருவில் இறங்கி எதிர்வீட்டு வாசல் வரை போய் நின்றார். எதிர்வீட்டு நாய் அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. ரூமையும் கொடுத்து, நாற்காலியையும் கொடுத்து, பாத்திரம் தேய்க்கும் ஆயுள் தண்டனையும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் ஒரு எண் வராமல் எல்லாம் பாழாகப் போகிறதே என்று புலம்பிக்கொண்டே திரும்பி வந்து இன்னொரு தடவை அமுக்கினார்.

“மாப்பிள்ளை, என்ன இந்த ஓட்டம்?” மாமனார் ரூமிலிருந்து வந்து டிவிக்கு முன்னால் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ‘ஸ்கிப்’ பட்டன் அவரிடம் இல்லை. இருந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டார்.

“‘பனித்தீவு,’” என்று படிக்க ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “‘உறைந்த ஏரி. கதை சொல்லும் படகுக்காரர். முதன்முறையாகக் கலைமான் சவாரி.’ அட, காலையில டிவியை இங்க மாட்டிப் பார்த்தப்ப கொம்போட நின்னுச்சே மாப்பிள்ளை, உங்க வீரன் அது மேலதானே உக்காந்திருந்தான்?”

“அது குதிரை மாமா.”

“குதிரைக்கு ஏது கொம்பு? இருங்க, கீழ இன்னும் போட்டிருக்கு. ‘இந்தப் பாகம் ஏற்கெனவே உங்களிடம் உள்ளது.’”

மெத்தைக்காரர் கிட்டே போனார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். உள்ளது என்றுதான் இருந்தது.

“நான் வாங்கவே இல்லையே,” என்றார் அடுப்படிப் பக்கம் திரும்பி. “இது எப்படி என்கிட்ட இருக்கும்?”

“ம்,” என்றது அடுப்படி.

அது எந்த ரகத்து ம் என்று அவர் தவித்துக்கொண்டு நிற்க, மாமனார் குரலைத் தணித்தார். தணித்த குரல் தெருமுனை வரைக்கும்தான் கேட்டது.

“மாப்பிள்ளை கவனத்திற்கு. கல்யாண நாளுக்கு உங்களுக்கு இதை வாங்கிப் போட்டிருக்கேன்னு அவ சொன்னப்ப நீங்க ‘ம்’னீங்களாம், என்னிக்காவது இதையே கேட்டு வருவார், பெட்டியைக் கட்டி வைங்கப்பான்னு அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணிட்டா.”