கற்றாழைக்கு ஒரு சொம்பு

சிட்லபாக்கம்,
22-5-1969

கர்த்தருக்குள் கனம்பொருந்திய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் கற்றாழையைக் கொன்றது நீங்கள்தான். இதைச் சொல்லிவிட்டு மற்றதை விசாரிக்கிறேன். ஜாம்ஷெட்பூரில் நீங்களும் அமலராணி அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் வீட்டைக் காத்துக்கொண்டு நானும் சுகம்தான், குளித்து நாலு நாளாகிறது என்பதைத் தவிர. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலோரம் மாறிக்கொண்டார்.

வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்த செடியைப் பெயர்த்து, யாரோ ஒரு டாக்டர் பங்களாவில் பார்த்தேன் என்று ஹாலுக்குள் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்தது நீங்கள். தரையின் சிவப்புப் பாலிஷ் கெட்டுவிடும் என்று ஓட்டையில்லாத பித்தளை அண்டாவில் நட்டதும் நீங்கள். ஊருக்குக் கிளம்பும்போது கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு தனசிங் சாரிடம் கொடுத்து, தினமும் ஜெபராஜுக்கு ஒரு வாளி, கற்றாழைக்கு ஒரு சொம்பு என்று எழுதிக் கொடுத்ததும் நீங்கள். அவர் விசுவாசமுள்ள மனிதர். காலை ஆறு மணிக்குத் திறப்பார், நான் இறைப்பேன், பூட்டுவார், பிறகு ஹாலுக்குள் வந்து சொம்புத் தண்ணீர் முழுக்க அண்டாவில் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பத்து நாளில் மடல்கள் பழுத்துத் தொளதொளத்தன. "தண்ணி பத்தல தம்பி, அதான் வாடுது. இன்னொரு சொம்பு ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். பாத்திரம் தேய்க்க வருகிற செல்லியம்மாள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா தம்பி, கத்தாழைக்குப் போயி சொம்பு சொம்பா ஊத்திகினு கீறே? அழுவிப்பூடும்பா!" அழுகிவிட்டது. ஹால் முழுக்க எலி செத்த நாற்றம். தனசிங் சார் உங்களுக்கு எழுதினார். ஐந்தாம் நாள் தந்தி வந்தது: "தண்ணீரைக் கூட்டவும். ஜெபிக்கிறோம்."

செடிக்குத் தந்தி வருகிறது பெரியப்பா. கிணற்றைத் திறந்துவிடச் சொல்லி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. செடியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்து இரண்டு வாரமாகிறது. ஆனாலும் வெறும் மண்ணுக்குச் சொம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறோம். வழிந்தால் நான் துணி போட்டுத் துடைக்கிறேன்.

ஏரி வற்றிவிட்டது. செல்லியம்மாளும் கரையோரக் குடிசைக்காரர்களும் ஏரிக்குள் குழி தோண்டி, ஊறுகிற சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். அவளுடைய மூன்று வயது மகள் அங்காளம்மாளுக்குப் போன வாரம் வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்ட குழந்தையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "தண்ணியை நல்லாக் காய்ச்சிக் குடும்மா" என்றார் டாக்டர். "காச்சினா சேறு பூடுமா சார்?" என்று கேட்டாள். அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அன்று மாலையே தனசிங் சாரிடம் ஒரு குடம் கேட்டேன். "இன்னிக்கு ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்குக் குடிசை பூரா வந்து நிக்கும். பெரியவர் எழுதட்டும், தாராளமாத் திறக்கிறேன்" என்றார்.

"அப்போ அண்டாவுக்கு ஊத்துறது?"

"அது எழுதிக் குடுத்துட்டுப் போனது தம்பி. செடி இருந்தா மட்டும் ஊத்துன்னு எழுதலையே."

பூட்டை உடைக்கலாம். உடைத்தால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை. என் கோழைத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். என் வாளியில் முக்கால் செல்லியம்மாளுக்குப் போகிறது. அவளோ அதைத் தன் பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். கரையில் இருக்கிற பதினோரு குழந்தைகளுக்கும் டம்ளரில் பங்கு போடுகிறாள்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் முழங்கால் வலியைக் கர்த்தர் நீக்குவாராக.

கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஜெபராஜ்

பி.கு.: முதல் வரியை அடித்துவிடுங்கள். செடி சாகவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போனேன். நான் எறிந்த செடியின் கட்டையைச் செல்லியம்மாள் குப்பையிலிருந்து எடுத்து, அழுகலை அரிந்து தள்ளிவிட்டு, குழந்தைக்குக் கண்ணு பட்டிருக்கிறதென்று குடிசை வாசலில் தலைகீழாகக் கட்டியிருக்கிறாள். பச்சையாகப் புது மடல் விட்டிருக்கிறது. "இதுக்குத் தண்ணியே வோணாம் தம்பி, காத்தக் குடிச்சே பொயச்சிக்கும்" என்றாள். அதற்கு நேர் கீழே பாயில் அங்காளம்மாள் கிடக்கிறாள். மறுபடியும் வயிற்றால் போகிறது. அழுவதற்குச் சத்தம் வரவில்லை. கற்றாழைக்கு அடித்த மாதிரி, சாவியைக் கொடுக்கச் சொல்லி தனசிங் சாருக்கு ஒரு தந்தி அடிப்பீர்களா?