கோபாலனின் கடைசி வார்த்தைகள் குறித்து

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய 'வாசகர் பார்வை' பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

மறைந்த சிறப்புப் படை வீரர் தம்புசாமியின் மனைவி இராஜம்மா எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். என் நலத்தை விசாரித்துத் தாங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். லிஃப்ட் பழுதான கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், எழுபத்தாறு வயதில், தனியாக இருப்பவளுக்கு எவ்வளவு நலம் இருக்குமோ அவ்வளவு இருக்கிறது.

என் கணவரின் 'எல்லைக் காட்டில் பதினோரு ஆண்டுகள்' நூலைப் பற்றி மூன்று ஞாயிறுகளாகத் தாங்கள் வெளியிட்டுவரும் வாசகர் கருத்துகளைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். பெருமைக்காக அல்ல, பதில் சொல்வதற்காக. போர்ட் கிள்ளானிலிருந்து ஜாபர் அலி என்பவர், "இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்தேன், பதினோரு வருஷம் காட்டில் கிடந்தவரை ஓர் அட்டைகூடவா கடிக்கவில்லை?" என்று கேட்டிருந்தார். கடித்தது. கடித்த இடம் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கும் நூலில் அச்சிடத் தக்கதல்ல என்பதால் நான் நீக்கினேன். சுங்கை வேயிலிருந்து தாமரை என்ற பெண், "இவர் ஒரு தடவைகூடப் பயப்படவில்லை, இவருக்குப் பசிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வரவில்லை, இவர் போருக்குப் போனாரா பட்டமளிப்பு விழாவுக்குப் போனாரா?" என்று எழுதியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கோயில் நிர்வாகச் செயலாளர், நூலின் காதல் காட்சிகளை மிகவும் ரசித்ததாகப் பாராட்டியிருக்கிறார். நூலில் காதல் காட்சி எதுவும் இல்லை. எங்கள் வாழ்க்கையிலும் அவ்வளவாக இல்லை.

இந்த நூல் உருவான விதத்தைத் தாங்கள் அறிந்துகொள்வது நல்லது. என் கணவர் நான்கு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். தோட்டத்துத் தமிழ், பாதி மலாய், ஓரங்களில் துப்பாக்கிப் படங்கள். போன வருடம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அப்படியே டைப் அடி இராஜி, ஒண்ணையும் அழகாக்காத" என்றார். நான் கான்வென்டில் படித்தவள், ஓர் அரசாங்க இலாகாவில் முப்பத்தோர் ஆண்டுகள் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். "அப்படியே அடி" என்று சொல்லாத மேலதிகாரியை நான் பார்த்ததில்லை. அப்படியே அடித்திருந்தால் அந்த இலாகா என்றைக்கோ இழுத்து மூடப்பட்டிருக்கும். அதிகாரி சொன்னதை அடிப்பவள் தட்டச்சுக்காரி, அவர் சொல்லியிருக்க வேண்டியதை அடிப்பவள்தான் சுருக்கெழுத்தாளர். என் கணவருக்கு அதைவிடக் குறைவாக எப்படிச் செய்வேன்? எட்டு மாதம் உட்கார்ந்து அடித்தேன். அட்டைகள் போயின, வயிற்றுப்போக்கு போயிற்று, பயந்த இடங்கள் போயின, மூன்றாம் நோட்டில் நான்கு பக்கங்கள் போயின. எஞ்சியது ஒரு கனவானின் நூல்.

எல்லாரும் பாராட்டிய பகுதி நூற்று நாற்பத்தோராம் பக்கம் என்பது தங்களுக்கே தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் எல்லைக் காட்டில் குண்டடிபட்ட சக வீரர் கோபாலன், என் கணவரின் மடியில் கிடந்து, "தோழரே, என்னை மறந்துவிடுங்கள், தாய்நாட்டை மறவாதீர்கள்" என்று கூறிப் புன்முறுவலுடன் கண்மூடும் இடம். கிள்ளானில் ஓர் இளைஞர் மன்றம் அந்த வாசகத்தைச் சட்டையின் முதுகு முழுவதும் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பூப்பந்துப் போட்டிக்குப் போயிருக்கிறது. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்களாம்.

போன வெள்ளிக்கிழமை தாங்கள் தொலைபேசியில் அழைத்து, கிள்ளானை அடுத்த மேருவிலிருந்து வள்ளியம்மா என்பவர் கடிதம் அனுப்பியிருக்கிறார், கோபாலனின் அக்காவாம், அந்த வார்த்தைகள் தன் தம்பியுடையவை அல்ல என்கிறார், அடுத்த வார ஞாயிறன்று வெளியிடப்போகிறோம், உங்கள் பதில் என்ன என்று கேட்டீர்கள். என் பதிலை யோசிப்பதற்குள் மறுநாள் காலையில் அந்த அம்மாளே வந்துவிட்டார். எழுபத்தொன்பது வயது, முட்டி வலி, ஐந்து மாடி. கதவைத் திறந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அண்ணி, கோபாலன் 'தோழரே'ன்னு கூப்பிடற ஆளா? எஸ்டேட் மேனேஜர் நாயையே அவன் டேய்னுதான் கூப்பிடுவான். 'மறவாதீர்கள்'னு சொல்லணும்னா அவனுக்கு மூணு நாள் ஆகும்."

"சாகற நேரத்துல மனுஷங்க உசந்துடுவாங்க" என்றேன்.

"உசரட்டும் லா, நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா ஒண்ணு. தம்பு அண்ணன் வருஷா வருஷம் தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வருவாரு. குண்டு பட்டதும் உடனே உயிர் போச்சும்மா, வலியே தெரிஞ்சிருக்காதும்பாரு. உடனே போன உயிரு இவ்ளோ நீளமா எப்படிப் பேசிச்சு?"

நான் பிஸ்கட் டின்னை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் தொடவில்லை.

"என் மூத்த பிள்ளைக்குப் பேர் வெச்ச அன்னிக்குக் குடிச்சிட்டு வந்து நின்னான். அத்தனை பேர் முன்னால அறைஞ்சிட்டேன். இந்த வீட்டுப் படி ஏறாதன்னு சொன்னேன், போனவன்தான். அஞ்சே மாசத்துல சாவுச் சேதி வந்துச்சு. அம்பது வருஷமா இந்தக் கை என்கூடவே இருக்கு அண்ணி. என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா? அது போதும். மத்ததெல்லாம் நீங்க எப்படி வேணும்னாலும் போட்டுக்குங்க."

மூன்றாம் நோட்டு பக்கத்து அறையில், அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தது. "ஒண்ணும் சொல்லல. புஸ்தகத்துல இருக்கறதுதான் சொன்னாரு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கான்வென்டில் நாங்கள் பொய் சொன்னால் தனியாக முட்டி போட வேண்டும். இப்போது முட்டி போட்டால் எழுந்திருக்க முடியாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம். என் கணவர் இன்று பதில் சொல்ல இல்லை. இறந்துபோன ஒரு வீரரின் பெயரை ஓர் அக்காளின் சந்தேகத்துக்காக ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தோசையோடு சேர்த்துப் பரிமாறுவது பண்பல்ல. நூலில் உள்ள ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பொறுப்பு. நூல் அப்படியே நிற்கும்.

தங்கள் பத்திரிகை செழிக்கவும், தங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துகள் தலைகீழாகாமல் இருக்கவும், தங்கள் பிள்ளைகள் தங்களைவிடப் பொறுப்பானவர்களாக வளரவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
திருமதி இராஜம்மா தம்புசாமி

பின்குறிப்பு: மேலே கண்டதைச் செவ்வாய்க்கிழமை எழுதி உறையிலிட்டேன், ஒட்டவில்லை. இன்று வெள்ளி. நேற்றுக் காலை மூன்றாம் நோட்டை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறி, அங்கிருந்து மேருவுக்கு வாடகைக் கார் பிடித்தேன். வள்ளியம்மாவின் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து, நான் நீக்கிய பக்கங்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். தங்களுக்கும் எழுதுகிறேன்:

"கோபாலனுக்கு வயித்துல அடி. மூணு மணி நேரம் இருந்தான். தண்ணி கேட்டான், வயித்துல அடின்னா குடுக்கக்கூடாதுன்னு குடுக்கல. என்னைத் திட்டினான், எங்க பெரிய ஆபீசர் டாத்தோவைத் திட்டினான், அட்டையைத் திட்டினான். அப்புறம் டேய் தம்பு, அக்காகிட்டச் சொல்லு, அடிச்சது வலிக்கவே இல்லன்னு சொல்லு அப்படின்னான். பின்வாங்கச் சொல்லி உத்தரவு. தூக்க ஆளில்ல. உயிரோட விட்டுட்டு வந்தேன். மறுநாள் போனப்ப செத்துக் கெடந்தான். இதை வள்ளியம்மாகிட்டச் சொன்னா, ஏன் விட்டுட்டு வந்தேன்னு கேப்பா. அதான் சொல்லல. சொல்லாம அவ போட்ட சோத்தைத் தின்னுட்டு வரேன்."

இரண்டு முறை படிக்கச் சொன்னார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மூணு மணி நேரமா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அண்ணன் உயிரோட இருந்தப்ப இதைச் சொல்லியிருந்தா, அவரையும் ரெண்டு அறை அறைஞ்சிருப்பேன். அப்புறம் சோறு போட்டிருப்பேன்."

அவர் இல்லை, நான்தான் இருக்கிறேன் என்றேன்.

அந்த அம்மாளின் கடிதத்தை ஞாயிறன்று வெளியிடுங்கள். அவர் சொல்வது சரி என்று என் பெயரில் கீழே ஒரு வரி போடுங்கள். நோட்டிலுள்ளதையும் போடுங்கள். என் கணவரைப் பற்றி வாசகர்கள் என்ன எழுதினாலும் அதையும் போடுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் போட வேண்டாம்.

நேற்று அந்தப் பேச்சுக்குப் பிறகு வள்ளியம்மா எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தார். பால் திரிந்திருந்தது, சர்க்கரை மூன்று கரண்டிக்குக் குறையாது. முழுவதையும் குடித்தேன்.